நடுகல் முதல் நினைவுத்தூண் வரை: மல்லேஸ்வரம் சுற்றுப்புறப் போர் நினைவுச் சின்னங்கள்

முன்னுரை

போரில் பட்ட வீரனுக்குக் கல் நட்டு வழிபடும் வழக்கம் தென்னாட்டில் மிகத் தொன்மையானதாகும். தமிழில் நடுகல் என்றும் கன்னடத்தில் வீரகல்லு என்றும் வழங்கும் இக்கற்கள், மொழி எல்லைகளைக் கடந்து ஒரே பண்பாட்டு மரபைக் காட்டுகின்றன. இம்மரபு ஓய்ந்த பின்னர், ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில் நினைவுத்தூண்களும், விடுதலைக்குப் பின்னர் தேசிய அளவிலான நினைவகங்களும் எழுந்தன. இம்மூவகைச் சின்னங்களும் ஒரே நகரில் அடுத்தடுத்துக் காணப்படுவது அரிது. பெங்களூர் அத்தகையதொரு நகரமாகும்.

பெங்களூரின் வடமேற்குப் பகுதியான மல்லேஸ்வரத்தை மையமாகக் கொண்டு, அதன் சுற்றுப்புறத்திலும் நகரின் பிற பகுதிகளிலும் உள்ள போர் நினைவுச் சின்னங்களை இக்கட்டுரை ஆராய்கிறது. இறந்தவரை ஊரார் எவ்வாறு நினைவுகூர்கின்றனர், சில சின்னங்கள் நிலைத்திருக்கச் சில மறைந்தமைக்குக் காரணம் யாது என்னும் இரு வினாக்களுக்கு விடை காண்பதே இதன் நோக்கமாகும். கல்லின் உறுதியைவிட, அக்கல்லின் முன் ஊரார் ஏற்றுக்கொண்ட கடமையே நினைவை நிலைநிறுத்துகிறது என்பது இங்கு நிறுவப்படும் கருத்தாகும்.

1. மல்லேஸ்வரம்: வந்தேறியோரின் குடியிருப்பு

மல்லேஸ்வரம் என்னும் பெயர் அங்குள்ள காடு மல்லேஸ்வரர் கோயிலால் அமைந்ததாகும். அவ்விடம் முன்னர் மல்லபுரம் எனப்பட்டது. சிவாஜியின் மாற்றாந்தாய் மகனான ஏகோஜி, 1669ஆம் ஆண்டில் இக்கோயிலுக்கு மேதரநிங்கனஹள்ளி என்னும் ஊரைக் கொடையாக அளித்த செய்தியைக் கல்வெட்டொன்று கூறுகிறது. இதே ஏகோஜிதான் அடுத்த சில ஆண்டுகளில் தஞ்சையைக் கைப்பற்றி அங்கு மராத்தியர் ஆட்சியைத் தொடங்கினார் என்பது தமிழக வரலாற்றோடு இவ்விடத்தை இணைக்கும் செய்தியாகும்.

1898ஆம் ஆண்டில் பெங்களூரில் கொள்ளைநோய் பரவியது. நெருக்கமான பழைய பேட்டைப் பகுதியிலிருந்து மக்களை வெளியேற்றிக் குடியமர்த்தும் தேவை எழுந்தது. அதன் விளைவாக விரிவுபெற்ற குடியிருப்புகளுள் மல்லேஸ்வரமும் ஒன்று. கன்னடியரும் தமிழரும் தெலுங்கரும் பல ஊர்களிலிருந்து வந்து இங்குக் குடியேறினர். எனவே, இப்பகுதி மக்களுள் பெரும்பாலோர்க்குச் சுற்றுப்புறத்து வீரக்கற்களோடு முன்னோர் வழித் தொடர்பு கிடையாது. குருதியுறவு இல்லாத ஒருவர் பிறிதொரு காலத்தில், பிறிதொரு மொழியில் நாட்டப்பட்ட கல்லுக்கு எவ்வகையில் உரிமையுடையவர் ஆகிறார் என்னும் வினா இங்கு இயல்பாகவே எழுகிறது.

2. நடுகல் வழிபாட்டின் இலக்கணம்

இவ்வினாவிற்கு விடை காணுமுன், நடுகல் என்பது வெறும் கல் அன்று என்பதைத் தெளிதல் வேண்டும். தொல்காப்பியப் புறத்திணையியல் நடுகல் அமைக்கும் நெறியைக் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், பெரும்படை, வாழ்த்தல் என ஆறு துறைகளாக வகுக்கின்றது. தகுந்த கல்லைத் தேர்தல், அதனைக் கொள்ளுதற்கு நாள் குறித்தல், நீராட்டுதல், நடுதல் ஆகிய நான்கும் கல்லை அமைக்கும் செயல்கள். சிறப்புப் படைத்தலும் வாழ்த்துதலும் கல் நட்ட பின்னர் நிகழ்வன. சிலப்பதிகார வஞ்சிக்காண்டத்துக் காதைகள் இவ்வரிசையையே பெரிதும் ஒட்டிப் பெயர் பெற்றுள்ளன.

இவ்வகைப்பாட்டில் நோக்கத்தக்க செய்தி ஒன்றுண்டு. கல்லை நட்டவுடன் கடமை முடிந்துவிட்டதாக இலக்கணம் கருதவில்லை. கல் நான்காம் நிலையிலேயே நாட்டப்பட்டுவிடுகிறது. எஞ்சிய இரு நிலைகளும் ஊராரைச் சார்ந்தவை. படைப்போரும் வாழ்த்துவோரும் இல்லாத கல் இலக்கண நோக்கில் நிறைவு பெறாத கல்லேயாகும்.

கல்லில் பெயர் பொறித்தல் பிறிதொரு கூறாகும். சங்கப் பாடல்கள் வீரனின் பெயரும் பெருமையும் எழுதப்பட்டு, மயிற்பீலி சூட்டப்பட்டு, கள் படைக்கப்பட்ட கற்களைப் பற்றிப் பலவிடத்தும் பேசுகின்றன. 2006ஆம் ஆண்டில் தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் கண்டறியப்பட்ட தமிழி எழுத்துக் கற்கள் இவ்வழக்கின் தொன்மையை உறுதி செய்தன. அவற்றுள் ஒன்று, கூடலூரில் நிகழ்ந்த ஆகோள் பூசலில் இறந்தவனை அவனது பெயராலேயே குறிக்கிறது.

செங்கம் வட்டாரத்து நடுகற்கள் இம்மரபின் விரிந்த வடிவத்தைக் காட்டுவன. இரா. நாகசாமி பதிப்பித்த 'செங்கம் நடுகற்கள்' என்னும் தொகுதி 1972இல் வெளிவந்தது. இக்கற்களில் அரசனின் ஆட்சியாண்டு, வீரனின் தலைவன், வீரனின் பெயர், அவன் இறந்த காரணம் ஆகியன முறையாகப் பொறிக்கப்பட்டுள்ளன. மகேந்திரவர்மப் பல்லவனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த எடுத்தனூர்க் கல், எருமைகளைக் காக்கும் முயற்சியில் பட்ட கருந்தேவக்கத்தி என்னும் இளைஞனுக்கு எடுக்கப்பட்டது. அவனருகே ஒரு நாயின் உருவமும் செதுக்கப்பட்டுள்ளது. கள்வர் இருவரைக் கடித்து அவனைக் காத்து நின்ற அந்நாயின் பெயர் கோவிவன் என்பதையும் அக்கல் பதிவு செய்துள்ளது. எளிய காவலன் ஒருவனின் பெயரும், அவனுடைய நாயின் பெயரும் ஏறத்தாழ 1,400 ஆண்டுகளுக்குப் பின்னரும் அறியப்படுவதற்கு அக்கல்லே காரணமாகும்.

3. ஹெப்பாள் கிட்டய்யன் கல்

மல்லேஸ்வரத்திற்கு வடகிழக்கே சில கிலோமீட்டர் தொலைவில் உள்ளது ஹெப்பாள். 2018ஆம் ஆண்டில் இங்குக் கண்டறியப்பட்ட வீரக்கல், பெங்களூர் நகரில் இதுவரை கிடைத்த கன்னடக் கல்வெட்டுகளுள் மிகப் பழமையானதாகக் கருதப்படுகிறது. இதன் காலம் கி.பி. 750 அளவினதாகும். கங்க மன்னன் ஸ்ரீபுருஷன் ஆண்ட காலத்தில், பெர்பொழல்நாடு முப்பது என்னும் பகுதியில், இரட்டவாடிப் படையின் தாக்குதலில் ஊருக்கு நேர்ந்த அழிவின்போது போரிட்டுக் கிட்டய்யன் என்பான் இந்திரலோகம் எய்தினான் என்பது இதன் செய்தி.

இச்செய்தியில் தமிழ் வாசகர்க்குப் புதுமை மிகுதியாக இல்லை. இரட்டவாடி என்பது இராஷ்டிரகூடர் நாட்டைக் குறிக்கும். சோழர் மெய்க்கீர்த்திகளில் இரட்டபாடி என்று பயின்று வருவதும் இதுவே. பெர்பொழல் என்பதன் முதற்பகுதியான பெர், தமிழின் பெரு என்பதோடு ஒத்தது. பழங்கன்னடத்துப் பகரம் பின்னர் ஹகரமாகத் திரிந்ததனால் அப்பெயர் ஹெப்பாள் ஆயிற்று. பால் என்பது ஹாலு என்றும், பல் என்பது ஹல்லு என்றும் ஆனதை இதனோடு ஒப்பிடலாம். ஊர் அழிவு என்னும் தொடரும் தமிழ் நடுகற்களில் பயிலும் தொடரோடு நெருங்கியதாகும். ஆநிரையைக் குறிக்கத் தமிழ்க் கற்கள் தொறு என்று கூறுமிடத்துக் கன்னடக் கற்கள் துறு என்று கூறுகின்றன. அயல்மொழிக் கல் என்று கருதப்படுவதைத் தமிழறிந்தோர் சற்று முயன்றால் பெருமளவு படித்துணர இயலும்.

கிட்டய்யன் கல் கண்டறியப்பட்ட பின்னர் நிகழ்ந்தவை ஆய்வுக்குரியன. அது அருங்காட்சியகத்திற்குக் கொண்டு செல்லப்படவில்லை. ஹெப்பாள் மக்களும் கல்வெட்டு ஆர்வலர்களும் ஒன்றுகூடி, அவ்வூரிலேயே அதற்கு மண்டபம் அமைத்தனர். ஊரைக் காக்க உயிர் நீத்த ஒருவனுக்கு, ஏறத்தாழ 1,270 ஆண்டுகளுக்குப் பின்னர் அவ்வூரில் வாழ்வோர் நிழல் அமைத்துத் தந்தனர். அவர்களுள் கிட்டய்யனின் வழித்தோன்றல் என்று தன்னைக் கூறிக்கொள்ளத்தக்கவர் எவரும் இருக்க வாய்ப்பில்லை. அவன் காத்த ஊரில் வாழ்கிறோம் என்னும் ஒன்றே அவர்களுக்குரிய தொடர்பாகும். தொல்காப்பியம் கூறும் இறுதி இரு துறைகளும் இங்கு நெடிய இடைவெளிக்குப் பின் மீண்டும் தொடங்கின எனலாம்.

1909ஆம் ஆண்டில் பெங்களூரில் நிறுவப்பட்ட மிதிக் சொசைட்டி, நகரத்துக் கல்வெட்டுகளை முப்பரிமாண வடிவில் பதிவு செய்யும் பணியை மேற்கொண்டது. நகர விரிவாக்கத்தால் அழியும் நிலையிலுள்ள கற்களின் எழுத்துகளையேனும் காக்கும் முயற்சியாக இது அமைந்துள்ளது.

4. கல்லோடு பிணைக்கப்பட்ட கடமை

வீரக்கல் நாட்டியோர் ஊராரின் நன்றியுணர்வை மட்டுமே நம்பியிருக்கவில்லை. நினைவு தொடர்தற்கு வேண்டிய பொருளையும் ஏற்பாடு செய்தனர். இறந்த வீரனின் குடும்பத்தார்க்கு அளிக்கப்பட்ட நிலம் தமிழ்க் கல்வெட்டுகளில் உதிரப்பட்டி, நெய்த்தோர்பட்டி, இரத்தக்காணி முதலிய பெயர்களால் சுட்டப்படுகிறது. கன்னடக் கல்வெட்டுகளில் இது நெத்தர்கொடகெ, கல்நாடு, பாள்கழ்ச்சு என வழங்கும். நெய்த்தோர், நெத்தர் ஆகிய இரண்டும் குருதியைக் குறிக்கும் ஒரே வேர்ச்சொல்லின் வடிவங்களாகும். பாள்கழ்ச்சு என்பது வாளைக் கழுவுதல் என்னும் பொருளது. குருதி படிந்த வாளைக் கழுவி நிலம் வழங்கும் சடங்கை இச்சொல் நினைவூட்டுகிறது.

பெங்களூரின் தென்பகுதியில் உள்ள பேகூர் இவ்வகையில் முதன்மை வாய்ந்தது. பெங்களூர் அரசு அருங்காட்சியகத்தில் உள்ள பேகூர் வீரக்கல், யானைகளும் குதிரைகளும் காலாட்களும் நெருக்கியிருக்கும் போர்க்களக் காட்சியைச் செதுக்கிக் காட்டுகிறது. நுளம்பன் வீரமகேந்திரனை எதிர்த்த போரில் நாகத்தரன் என்னும் தலைவன் இறந்ததையும், கங்க அரசன் எறெயப்பன் இருகன் என்பானுக்கு நாகத்தரப் பட்டமளித்துப் பேகூர் உள்ளிட்ட 12 ஊர்களைக் கல்நாடாக வழங்கியதையும் இது கூறுகிறது.

பேகூர் நாகேஸ்வரர் கோயிலில் உள்ள பிறிதொரு கல் கி.பி. 890 அளவினது. நாகத்தரனின் மனையைச் சார்ந்த பெர்வோண செட்டி என்பவன் 'பெங்களூர்க் காளக'த்தில், அதாவது பெங்களூர்ப் போரில், இறந்தான் என்று அது தெரிவிக்கிறது. பெங்களூர் என்னும் பெயர் காணப்படும் மிகப் பழைய சான்று இதுவேயாகும். ஒரு மன்னன் வெந்த அவரை உண்டதனால் இவ்வூருக்கு இப்பெயர் வந்தது என்னும் செவிவழிக் கதை பொருந்தாது என்பதற்கும் இக்கல்லே சான்றாகக் காட்டப்படுகிறது. எனினும், நகரப் பெயரின் தொன்மையை நாடி இக்கல்லைப் பார்க்க வருவோர் பலர். பெர்வோண செட்டியின் பெயரை நினைவில் கொண்டு திரும்புவோர் சிலரே. இறந்தவனுக்காக நாட்டப்பட்ட கல், ஊரின் பிறப்புச் சான்றிதழாக மாறிவிட்டது. ஒரு நகரத்தின் பெயர் ஒருவனது இறப்பின் பதிவிலேயே முதன்முதலாக வெளிப்படுகிறது என்பது அந்நகரத்தார் எண்ணிப்பார்க்கத்தக்கதாகும்.

இதே அருங்காட்சியகத்தில் உள்ள ஆதகூர்க் கல் மாண்டியா மாவட்டத்திலிருந்து கொண்டுவரப்பட்டது. கி.பி. 949இல் நிகழ்ந்த தக்கோலப் போரில் சோழ இளவரசன் இராசாதித்தன் கொல்லப்பட்டதைக் குறிப்பிடுவதால் இக்கல் தமிழக வரலாற்றாய்வாளர் நன்கறிந்ததாகும். ஆயினும், இக்கல் காளி என்னும் நாயின் நினைவாக எடுக்கப்பட்டதாகும். தக்கோலப் போரில் வெற்றிபெற்ற கங்க மன்னன் இரண்டாம் பூதுகன், தன் வீரனான மணலேரனுக்குப் பரிசளிக்க விரும்பியபோது அவன் அந்நாயையே வேண்டிப் பெற்றான். பின்னர் வேட்டையில் காளியும் காட்டுப்பன்றியும் ஒன்றையொன்று தாக்கி இறந்தன. அந்நாய்க்குக் கல் நாட்டி நிலமும் வழங்கப்பட்டது. அக்கல்லை வழிபடாமல் உணவு கொள்ளும் பூசகன் பழிக்கு ஆளாவான் என்னும் எச்சரிக்கையும் அதில் பொறிக்கப்பட்டுள்ளது. நினைவு என்பது விருப்பத்தைப் பொறுத்ததன்று, நாள்தோறும் செய்தற்குரிய கடமை என்பதை இவ்வெச்சரிக்கை ஐயமற உணர்த்துகிறது.

5. 1791ஆம் ஆண்டு முற்றுகை: இரு நினைவிடங்கள்

வீரக்கல் மரபிலிருந்து நினைவுத்தூண் மரபிற்கு வருமிடத்து, மூன்றாம் மைசூர்ப் போர் முதலில் நிற்கிறது. காரன்வாலிசின் படை 1791 மார்ச் 7ஆம் நாள் பெங்களூர்ப் பேட்டையைத் தாக்கிக் கைப்பற்றியது. அத்தாக்குதலில் கர்னல் மூர்ஹவுஸ் கொல்லப்பட்டார். மார்ச் 21ஆம் நாள் இரவு கோட்டையும் வீழ்ந்தது. திப்பு சுல்தானின் கோட்டைத் தலைவரான முதியவர் பகதூர்கான் இறுதிவரை போரிட்டு மடிந்தார்.

இப்போரில் இறந்த ஆங்கிலேயப் படையினர்க்கு நகரில் உயர்ந்த தூண் ஒன்று எழுப்பப்பட்டது. அது நின்ற பகுதியிலிருந்து செல்லும் சாலை செனோடாப் சாலை எனப்பட்டது. 1964ஆம் ஆண்டில் அத்தூண் அகற்றப்பட்டது; சாலையும் நிருபதுங்கன் பெயரைப் பெற்றது. நிருபதுங்கன் இராஷ்டிரகூட மன்னன் என்பதும், கிட்டய்யன் இராஷ்டிரகூடப் படையை எதிர்த்தே உயிர் நீத்தான் என்பதும் இணைத்து நோக்கத்தக்கன. ஒரு காலத்துப் பகைவர் பிறிதொரு காலத்தில் பெருமைக்குரிய முன்னோராகக் கொள்ளப்படுதல் வரலாற்றில் இயல்பேயாகும்.

பகதூர்கானுக்கு எவரும் தூண் எழுப்பவில்லை. ஆயின், கிருஷ்ணராஜேந்திரச் சந்தைக்கு அருகில் உள்ள தர்கா அவர் அடக்கம் செய்யப்பட்ட இடம் என்று கருதப்படுகிறது. அங்கு அவர் படைத்தலைவராக அன்றி இறையடியாராகவே போற்றப்படுகிறார். சந்தை வணிகரும் வழிப்போக்கரும் அங்கு வணங்கிச் செல்கின்றனர். அவர்களுள் பலர்க்கு 1791ஆம் ஆண்டுப் போர் பற்றித் தெரிந்திருத்தல் அரிது.

ஒரே போரில் இறந்தோர்க்குரிய இவ்விரு இடங்களின் வரலாறும் நேர்மாறாக அமைந்தது. அரசு வலிமையோடு எழுந்த தூண், அவ்வரசு நீங்கிய பதினேழு ஆண்டுகளில் மறைந்தது. அத்தூணின் முன் துயருறும் குடும்பங்கள் இந்நகரில் இல்லை. எவ்வித அரசின் துணையுமின்றி மக்களின் பற்றினால் நிலைத்தது மற்றொன்று. ஆயினும், அங்கு வழிபாடு நிலைத்தபோது வரலாறு மங்கியது என்பதும் மறுக்கவியலாதது. தருமபுரி, செங்கம் பகுதிகளில் பல நடுகற்கள் இன்று வேடியப்பன் என்னும் பொதுப்பெயரால் வழிபடப்படுகின்றன. கல்லில் எழுத்திருந்தும் அதனைப் படிப்பார் இன்றி வீரனின் பெயர் மறைந்து தெய்வத்தின் பெயர் நின்றது. பகதூர்கானின் நினைவும் இவ்வகைப்பட்டதே எனலாம்.

6. பெயரும் எண்ணிக்கையும்

1809ஆம் ஆண்டில் பெங்களூரில் ஆங்கிலேயரின் கண்டோன்மென்ட் அமைக்கப்பட்டது. அதனோடு தமிழ் மாவட்டங்களிலிருந்து படைவீரரும், படையைச் சார்ந்து வாழ்வோரும் பெருந்தொகையினராக வந்தனர். 1780ஆம் ஆண்டில் தோன்றிய மதராஸ் சாப்பர்ஸ் படையின் பயிற்சி மையம் அல்சூரில் உள்ளது. பாலம் கட்டுதல், பாதை அமைத்தல், கண்ணிவெடி அகற்றுதல் முதலிய பணிகளைச் செய்யும் இப்படையினர்க்குத் 'தம்பி' என்பது செல்லப்பெயர். மல்லேஸ்வரத்தை அடுத்துள்ள சாங்கி ஏரி 1882இல் அமைக்கப்பட்டபோது அப்பணிக்குப் பொறுப்பேற்ற ரிச்சர்டு சாங்கியும் மதராஸ் பொறியாளர் படையைச் சேர்ந்தவரே.

பிரிகேட் சாலையும் ரெசிடென்சி சாலையும் கூடுமிடத்தில் கருங்கல்லாலான நினைவுத்தூண் ஒன்றுள்ளது. சாப்பர்ஸ் நினைவுச் சின்னம் என்று வழங்கும் இது, பல நாட்டுப் போர்க்களங்களில் உயிர் நீத்த மதராஸ் படையினரை நினைவூட்டுவது. அப்படையினருள் 61ஆம் பயனியர் படை முதல் உலகப் போரில் கிழக்கு ஆப்பிரிக்காவிற்கும், 64ஆம் படை மெசபொத்தேமியாவிற்கும் அனுப்பப்பட்டன. சாலை அமைக்கவும் துப்பாக்கி ஏந்தவும் ஒருசேரப் பயின்ற இப்பயனியர் படைகள் 1933இல் கலைக்கப்பட்டன. தம் முன்னோர் செய்த தியாகத்தைப் போற்றுதற்குரிய படைப்பிரிவே இல்லாது போயிற்று. நகரின் நெரிசல் மிகுந்த வணிகத் தெருவில், கடைகளுக்கு வருவோர் பலரும் நின்று படிக்காது கடந்து செல்லும் கல்லாக அது உள்ளது.

மெசபொத்தேமியாவில் இறந்தோர்க்காக 1929இல் பஸ்ராவில் பெரிய நினைவகம் திறக்கப்பட்டது. அங்கு 40,000க்கும் மேற்பட்டோர் நினைவுகூரப்படுகின்றனர். ஆங்கிலேயப் படையினர் அனைவரும் பெயரால் பொறிக்கப்பட்டனர். இந்தியரில் அதிகாரிகளின் பெயர்களே இடம்பெற்றன. ஏனைய வீரர் படைப்பிரிவுவாரியாக எண்ணிக்கையால் மட்டுமே குறிக்கப்பட்டனர். காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் குழு 2021இல் வெளியிட்ட அறிக்கை இவ்வேறுபாட்டை ஒப்புக்கொண்டது. முதல் உலகப் போரில் இறந்த ஆசிய, ஆப்பிரிக்க வீரருள் 45,000 முதல் 54,000 பேர் சமமற்ற முறையில் நினைவுகூரப்பட்டனர் என்றும், குறைந்தது 1,16,000 பேர் பெயரால் குறிக்கப்படவில்லை அல்லது நினைவுகூரப்படவே இல்லை என்றும் அது மதிப்பிட்டு, அதற்காக ஆணையம் வருத்தமும் தெரிவித்தது.

எருமை காத்த இளைஞனின் நாய்க்கும் பெயரெழுதிய மரபில் வந்த வீரர்கள், எண்ணாகச் சுருங்கிய நிலை இது. ஊரார் நாட்டிய கல்லில் இறந்தவன் அவ்வூர் மகன். அவனைப் பெயரின்றிக் குறித்தல் இயலாது. தொலைவிலுள்ள அரசு நாட்டிய கல்லில் அவன் படையின் ஓர் உறுப்பு. கணக்கு அங்குப் போதுமானதாயிற்று. பெயர் இன்மையால் நேரும் இழப்பு உணர்வைச் சார்ந்தது மட்டுமன்று. வேலூரிலோ சேலத்திலோ உள்ள ஒரு குடும்பம், தன் மூதாதையின் பெயரை அக்கல்லில் தேடிக் காண வழியில்லை. தேடி வருவோரில்லாத கல்லுக்கு வாழ்த்துவோரும் இல்லாது போகின்றனர்.

7. மைசூர் லான்சர் நினைவுத்தூணும் தேசிய நினைவகமும்

மல்லேஸ்வரத்திற்குக் கிழக்கே, ஜெயமகால் சாலைப் பகுதியில் மைசூர் லான்சர் படையின் நினைவுத்தூண் உள்ளது. மைசூர் அரசின் குதிரைப்படையான இது, 15ஆம் இம்பீரியல் சர்வீஸ் குதிரைப்படைப் பிரிகேடின் பகுதியாக 1918 செப்டம்பர் 23ஆம் நாள் ஹைஃபா நகரைக் கைப்பற்றிய போரில் ஈடுபட்டது. கார்மேல் மலைச்சரிவில் இருந்த பீரங்கிகளை மைசூர் வீரர் எதிர்கொள்ள, ஜோத்பூர் லான்சர் நகருக்குள் பாய்ந்தனர். இயந்திரத் துப்பாக்கிகளையும் பீரங்கிகளையும் குதிரையேறிய வேல்வீரர் வென்ற இப்போரில் 1,350 பேர் சிறைப்பிடிக்கப்பட்டனர். தில்லியில் உள்ள தீன் மூர்த்தி நினைவுச் சின்னம் மைசூர், ஜோத்பூர், ஐதராபாத் ஆகிய மூன்று அரசுகளின் குதிரைப்படைகளைக் குறிப்பதாகும். 2018இல் அவ்விடத்திற்குத் தீன் மூர்த்தி ஹைஃபா சதுக்கம் என்று பெயரிடப்பட்டது.

இந்தியப் படை செப்டம்பர் 23ஆம் நாளை ஹைஃபா நாளாகப் போற்றுகிறது. நினைவிற்கென ஒரு நாளும், அதனை நடத்தும் அமைப்பும் இருப்பது இச்சின்னத்தின் வலிமையாகும். ஆயினும், நாடுகளுக்கிடையே உள்ள நட்புறவின் அடையாளமாக இந்நாள் பெருமை பெறும்போது, மைசூர் நாட்டுச் சிற்றூர்களிலிருந்து சென்று இறந்த வீரர் பின்னணிக்குச் சென்றுவிடும் வாய்ப்பும் உண்டு.

நகரின் நடுவே, இந்திரா காந்தி இசை நீரூற்றுப் பூங்காவை அடுத்து அமைந்துள்ளது தேசியப் படைவீரர் நினைவகம். 1947க்குப் பின் நாட்டிற்காக உயிர் நீத்த 20,000க்கும் மேற்பட்ட வீரரின் பெயர்கள் இங்குள்ள சுவர்களில் பொறிக்கப்பட்டுள்ளன. தேவனஹள்ளி அருகிலுள்ள கொயிராவிலிருந்து கொண்டுவரப்பட்ட ஏறத்தாழ 75 அடி நீளமுள்ள ஒற்றைக் கருங்கல் இங்கு நிறுவப்பட்டுள்ளது. இதற்கு வீரகல்லு என்றே பெயர் சூட்டப்பட்டமை கருத்தில் கொள்ளத்தக்கது. கிட்டய்யனுக்கும் பெர்வோண செட்டிக்கும் நாட்டப்பட்டவற்றின் பெயரையே இந்நூற்றாண்டின் கல்லும் தாங்கியுள்ளது. தூண் மரபில் விடுபட்ட தனிமனிதப் பெயர்களும் சுவரில் மீண்டும் இடம்பெற்றன. ஆயினும், பழைய வீரக்கல் ஒருவன் எக்காரணத்தால், எவ்விடத்தில், எவரைக் காக்க இறந்தான் என்பதையும் கூறியது. பல்லாயிரம் பெயர்களைத் தாங்கும் சுவரில் அதற்கு இடமில்லை. அப்பணியை வீரரின் சொந்த ஊர்களே செய்தல் வேண்டும்.

முடிவுரை

மேற்கூறியவற்றால் பெறப்படும் முடிவுகள் வருமாறு:

1. பெங்களூரின் போர் நினைவுச் சின்னங்கள் ஏறத்தாழ பன்னிரண்டரை நூற்றாண்டுக் கால எல்லையைக் கொண்டவை. அவற்றுள் வீரக்கற்கள் தமிழக நடுகற்களோடு சொல்லாலும் சடங்காலும் கொடை முறையாலும் நெருங்கிய உறவுடையன.

2. ஒரு சின்னம் நிலைபெறுதற்குப் பெயர், வழிபாடு ஆகிய இரண்டும் வேண்டும். வழிபாடு இருந்து பெயர் மறைந்தவிடத்து வீரன் தெய்வமாகிறான், வரலாறு மறைகிறது. நினைவுகூர்வார் இல்லாதவிடத்துச் சின்னமே மறைகிறது.

3. தொல்காப்பியம் கல் நடுதலுக்குப் பின்னரும் இரு துறைகளை வகுத்தமையும், ஆதகூர்க் கல் பூசகனுக்கு எச்சரிக்கை விடுத்தமையும் நினைவு என்பது தொடர்ந்து செய்தற்குரிய கடமை என்னும் ஒரே தெளிவின் வெளிப்பாடுகளாகும்.

4. அக்கடமைக்குக் குருதியுறவோ மொழியுறவோ முன்நிபந்தனை அன்று. ஹெப்பாள் மக்கள் கிட்டய்யனுக்கு எடுத்த மண்டபம் இதற்குச் சான்றாகும்.

கொள்ளைநோய்க்குப் பின் பல ஊர்களிலிருந்தும் வந்து மல்லேஸ்வரத்திலும் அதன் சுற்றுப்புறத்திலும் குடியேறியோர்க்கு இறுதி முடிவு சிறப்பாகப் பொருந்தும். தொம்மலூர்ச் சொக்கநாதர் கோயிலில் தமிழ்க் கல்வெட்டுகளும், ஹெப்பாளிலும் பேகூரிலும் கன்னடக் கல்வெட்டுகளும் உள்ள இந்நகரில், ஒரு மொழியார் மற்றொரு மொழியாரின் கல்லைப் படித்தல் அரிதன்று. ஊர் அழிவில் ஒருவன் முன்னின்று போரிட்டு இறந்தான் என்னும் செய்தி இரு மொழியிலும் ஏறத்தாழ அதே சொற்களால் எழுதப்பட்டுள்ளது. அச்செய்தியைப் படித்து, அவன் பெயரை ஒருமுறை சொல்லுதலே வாழ்த்தல் என்னும் துறையின் தொடக்கமாகும்.